உட்கார மறுத்த முயல்

அருப்புக்கோட்டைப் பள்ளிக்கூடமொன்றின் ஆண்டு விழா. கீற்றுப் பந்தலைப் பொத்துக்கொண்டு வெயில் மேடையில் விழ, முயல் வேஷத்தில் பாலாமணி விறைத்து நிற்கிறாள். யுத்தத்தில் நூல் கிடைக்காத காலம். கணுக்கால் வரை நீண்ட முயல் சட்டை நெடுநாள் உழைக்கட்டும் என்று, தறிக்காரரான அப்பா சென்னய்யா தறியின் பாவு நூல் விறைப்பாக நிற்கப் போடும் கஞ்சியை அதற்கும் போட்டுவிட்டார். நேற்று காயவைத்த சட்டை கொடியை விட்டு இறங்கித் தானாகவே வீட்டுக்குள் வந்ததாம். ஆர்மோனியம் நாடகப் பாட்டில் புலி வரும் அடியை நெருங்குகிறது. காட்டு நண்பர்கள் புதருக்குப் பின்னால் உட்கார வேண்டும். மான் உட்கார்ந்தாயிற்று. பாலாமணி முழங்காலை மடக்கப் பார்க்கிறாள். சட்டை இடம் கொடுக்கவில்லை. "ஏ முயலு, உக்காந்து தொலை!" என்று கரடி வேஷக்காரன் செல்வதுரை பல்லைக் கடிக்கிறான். "சட்டை விட மாட்டேங்குதுலே!" என்று அவள் முனகுகிறாள். முன்வரிசையில் அப்பா, "கஞ்சி நல்லாப் பிடிச்சிருக்கு" என்று பக்கத்து ஆளிடம் பூரிக்கிறார். புலியாகிய அமிர்தராஜ் உறுமிக்கொண்டு வருகிறான். எதிரே முழு முயல். நாடகப்படி, கண்டால் தின்றாக வேண்டும். முயல் பாட வேண்டிய பாட்டோ இன்னும் பாக்கி. பாலாமணி மூச்சை அடக்குகிறாள். புலி அவள் முகத்தைப் பார்க்கிறது. பிறகு இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டு, "முயலைக் காணோமே" என்று பாடியபடி மேடை முழுக்கத் துழாவுகிறது.