டேங்க் மூடி

மறுபடியும் நின்றுவிட்டது.

இரண்டு இருமல், ஓர் உதறல், அப்புறம் சத்தமே இல்லை. சைக்கிள் தன் போக்கில் கொஞ்ச தூரம் உருண்டு வேலியோரம் ஓய்ந்தது.

பின்னால் கேரியரில் இருந்தவள் இறங்கினாள். புதுச்சேலை. கையில் பழப்பை. அவள் அக்காள் கட்டிய புதுவீட்டில் இன்று பால்காய்ச்சு.

"நான் ஏறுனதுனாலதானுங்க. முந்தாநேத்து வரைக்கும் நல்லாத்தான ஓடுச்சு?"

அவள் அப்படிச் சொல்லிவிடுவாளோ என்றுதான் அவனும் பயந்துகொண்டிருந்தான்.

பஞ்சு மில்லில் வேலை பார்த்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவள் பாவாத்தா. பஸ் நிற்கும் இடம் வரை நடக்க முடியாது. இரைக்கும். கல்யாணமோ காதுகுத்தோ, அவன் மட்டும் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருவான். இரண்டு வருஷமாக அவள் ஊரைத் தாண்டவில்லை.

அவளுக்காகத்தான் பழைய சைக்கிளில் இந்தக் குட்டி எஞ்சினைப் பூட்டினான். நாலு நாள் கெஞ்சி, இன்றைக்குத்தான் ஏற்றி உட்கார வைத்தான்.

இது மூன்றாவது தடவை.

இன்னொரு முறை நின்றால் திரும்பிவிடலாம் என்று சொல்லிவிட்டாள். திரும்பினால் இந்த ஜென்மத்தில் மறுபடி ஏற மாட்டாள். அது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

ப்ளக்கைக் கழற்றினான். உப்புத்தாளில் தேய்த்தான். மாட்டினான். டேங்க் மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தான். இருந்தது. மூடினான்.

ஸ்டாண்டைப் போட்டு மிதித்தான். எஞ்சின் ஒன்றுமே நடக்காததுபோல் பிடித்துக்கொண்டது.

"ப்ளக்குதான்" என்றான்.

போன இரண்டு தடவையும் இதையேதான் சொன்னான்.

ஆள் லேசுப்பட்டவன் இல்லை. தறி ஃபிட்டர். கொட்டகை முழுக்கத் தறிகள் கத்திக்கொண்டிருக்கும்போது, எது மக்கர் பண்ணுகிறது என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவான். காதுதான் அவனுக்குச் சோறு போடுகிறது.

கொஞ்ச தூரம் நன்றாக ஓடியது. அவன் சட்டையைப் பிடித்திருந்த பிடி இளகியது. சோளக்காட்டைக் காட்டி அவள் என்னவோ சொன்னாள். எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. சந்தோஷமாகச் சொல்கிறாள் என்று மட்டும் தெரிந்தது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

நின்றுவிட்டது.

அவள் இறங்கினாள். வந்த வழியைப் பார்த்து நின்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஸ்பேனர் பையில் எங்கோ போய் மாட்டிக்கொண்டது. சும்மா இருக்க முடியாமல் டேங்க் மூடியைத் திறந்தான்.

"அந்தச் சத்தம் கேட்டுதுங்களா?"

"எந்தச் சத்தம்?"

"மூடியத் தொறந்ததும் ஸ்ஸுன்னு உள்ள இழுத்துச்சு பாருங்க. ஒவ்வொரு தடவையும் இழுக்குதுங்க. அதுக்கு மூச்சு முட்டுது."

அவன் சிரித்துவிட்டான். வண்டிக்காவது, மூச்சாவது.

சிரிப்பு பாதியில் நின்றது.

உள்ளே காற்றுப் போனால்தான் பெட்ரோல் கீழே இறங்கும். அதற்கென்றே மூடியில் ஊசிமுனை அளவுக்கு ஓர் ஓட்டை விட்டிருப்பார்கள்.

மூடியின் மேல்பக்கத்தைப் பார்த்தான்.

சந்தனம். அதன்மேல் குங்குமம். முந்தாநாள் ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு. ஹேண்டில்பாரில் ஒன்று, லைட்டில் ஒன்று, எஞ்சினில் ஒன்று. இருப்பதிலேயே பெரியது மூடிக்கு நட்டநடுவில், ஓட்டையை அடைத்துக்கொண்டு காய்ந்து கிடந்தது.

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அய்யோ, நாந்தானுங்க வெச்சேன். உங்களுக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதுன்னு கொஞ்சம் அப்பி வெச்சேன்."

அவனுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் வளையலில் தொங்கிய ஊக்கைக் கழற்றி, நடுவில் மட்டும் குத்தினான். பொட்டு முழுவதையும் சுரண்ட மனசு வரவில்லை.

"அதெப்பிடிப் புள்ள உனக்குத் தெரிஞ்சுது?"

அவள் ஊக்கை வாங்கி வளையலில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ராத்திரியில அப்பிடித்தானுங்க இருக்குது."

வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோல்தான் சொன்னாள். சொல்லிவிட்டுச் சோளக்காட்டுப் பக்கம் நகர்ந்தாள்.

அத்தனை ராத்திரியும் பக்கத்துப் பாயில்தான் அவன் படுத்திருந்தான்.

தூள் போய்விட்டதா என்று ஊதிப் பார்க்க மூடியை வாய்க்குக் கொண்டுபோனான்.

ஊதவில்லை.

ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, அந்த ஓட்டை வழியாக மூச்சை உள்ளே இழுத்தான்.

நூல் மாதிரிக் காற்று வந்தது. பெட்ரோல் வாடை. பத்தவில்லை. இன்னும் இழுத்தான். நெஞ்சு மேலே ஏறி அங்கேயே நின்றது. காதுக்குள் இரைந்தது. வாயைத் திறந்துவிடச் சொல்லி உடம்பு முழுவதும் கெஞ்சியது.

இதை வைத்துக்கொண்டா இவள் விடிகாலையில் எழுந்து கோலம் போட்டாள்? இதை வைத்துக்கொண்டா சோறாக்கினாள், அவனுக்குத் தலை துவட்டிவிட்டாள், அடுத்த வீட்டுக்காரியோடு வம்பு பேசிச் சிரித்தாள்?

அவள் ஒரு கதிரை வளைத்து மணி பிடித்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன உருவம். அவனுக்கு மலைப்பாக இருந்தது. இத்தனை காலம் யாரோடு குடித்தனம் நடத்தினோம் என்று பார்த்துக்கொண்டே நின்றான்.

"ஏனுங்க, போலாமுங்களா? பால் பொங்கிரப் போகுது."

மூக்கைப் பிடித்திருந்த கையை எடுத்து, கொஞ்சம் இரு என்று காட்டினான்.

பிறகு மறுபடியும் மூக்கைப் பிடித்துக்கொண்டான்.