எந்த நாலு?

எதிர்க்கரைக் கேட்டை இழுத்துச் சாத்தியபோது அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மணி மூன்று.

கடிகாரம் நின்றுவிட்டதோ என்று காதில் வைத்துப் பார்த்தார். நன்றாகத்தான் ஓடியது.

பாலத்துக்கு அந்தப் பக்கம் பர்மா. அங்கே இப்போது மணி நான்கு.

நாலு மணிக்கு மூடுகிறார்கள் என்று சொன்னது, காலையில் அங்கிருந்து பாசிப்பயறு ஏற்றிவந்த லாரிக்காரன். துப்பாக்கிச் சத்தம் கேட்கிறதாம். மூடினால் திறக்க எத்தனை மாதம் ஆகுமோ தெரியாதாம்.

மணிப்பூர் எல்லையில் இருக்கிற இந்த மோரேயில் யார் மணி சொன்னாலும் அடுத்த கேள்வி ஒன்றுதான். எந்த மணி? நம்ம மணியா, அந்த மணியா? முப்பது வருஷமாக அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மகளுக்கும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். அங்கே போனால் ஒன்று கூட்டிக்கொள்.

இன்று கேட்கவில்லை.

காலையிலேயே பதறியடித்துக்கொண்டு மகள் உமையாளுக்கு ஃபோன் போட்டார். நாலு மணி வரை நேரமிருக்கிறது, சீரக மூட்டைகளை இறக்கிவிட்டே வா என்றார். அவருக்கு முட்டி வலி. அதனால்தான் இந்த வாரம் அந்தப் பக்கத்துக்கு அவளை அனுப்பினார்.

அப்பா சொல்வது எப்போதும் நம்ம மணி. அவள் ஒன்று கூட்டியிருப்பாள். அங்கே ஐந்துக்குள் வந்தால் போதும் என்று இருப்பாள்.

அதற்குப் பிறகு லைன் கிடைக்கவில்லை. அடித்து அடித்து விரல் மரத்துவிட்டது.

முட்டாள், முட்டாள் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

இந்தப் பக்கத்துக் காவலர்களிடம் கெஞ்சினார். அது எங்கள் கேட் இல்லையே என்று கையை விரித்துவிட்டார்கள்.

தலைக்கு மேலே பச்சைப் பலகை. ஆசிய நெடுஞ்சாலை ஒன்று. ஜப்பானில் கிளம்பித் துருக்கி வரை போகிற ரோடு. துணியும் பயறும் பாக்கும் சீரகமும் இதில்தான் போய்வந்தன. ஊர் சாப்பிட்டது இந்த ரோட்டால்தான்.

வரிசையில் நின்ற லாரிக்காரர்கள் என்ஜினை அணைத்தார்கள். இறங்கி, ஸ்டவ்வைப் பற்றவைத்து, உலை வைத்தார்கள்.

அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

அவர் மட்டும் பாலத்துக் கம்பியைப் பிடித்தபடி நின்றார். வராமல் இருந்துவிடு என்று ஒரு நிமிடம் நினைத்தார். அங்கேயே யார் வீட்டிலாவது பத்திரமாக இரு. அடுத்த நிமிடம், வந்து முகத்தையாவது காட்டு என்று நினைத்தார்.

நம்ம மணி நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவள் வந்தாள்.

ஓடி வரவில்லை. நிதானமாக, காலிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். அவரைப் பார்த்ததும் சிரித்தாள். கையிலிருந்த சின்னப் புட்டியைத் தூக்கிக் காட்டினாள். முட்டி வலித் தைலம். நேரமிருக்கிறதே என்று கடைத்தெருவுக்கும் போய்வந்திருக்கிறாள்.

பிறகுதான் கேட்டில் தொங்கிய பூட்டைப் பார்த்தாள்.

பாலம் சின்னது. கத்தினால் கேட்கும்.

"அப்பா, இன்னும் பத்து நிமிஷம் இருக்குல்ல?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

இருந்தது.