மஞ்சள் வளையம்

குளத்தில் பறவைக் காய்ச்சல் பார்க்க வந்ததாகச் சொன்ன அந்த ஆளைச் செண்பகவல்லி முதல் நாளே நம்பவில்லை. நாரை எச்சத்தைப் பஞ்சுக் குச்சியால் தொட்டு, குப்பியில் அடைத்து, ஐஸ் பெட்டிக்குள் பத்திரமாக வைக்கிறவன் நாரைக்காகவா வந்திருப்பான்? எந்த வீட்டில் எத்தனை கோழி என்று நோட்டம் பார்க்கத்தான் வந்திருக்கிறான். பக்கத்து ஊருக்கு இப்படித்தான் ஒருவன் வந்தான். மறுவாரம் ஊர்க் கோழியையெல்லாம் சாக்கில் கட்டிப் புதைத்துவிட்டார்கள். அவளுக்கு இருப்பதே பதினோரு கோழியும் ஒரு சேவலும்.

இன்றைக்கு வாசலுக்கே வந்துவிட்டான்.

"அக்கா, இந்தப் பக்கம் நாரை எதுவும் செத்து விழுந்துச்சா? கால்ல மஞ்ச வளையம் போட்டது."

"நாரை பயந்துரும்னு எங்கூர்ல தீவாளிக்கு வெடிகூட போட மாட்டோம் சார். அது எதுக்குச் சாகப்போவுது?"

போன வெள்ளிக்கிழமை கோழிக்கூட்டுப் பக்கம் விழுந்து கிடந்ததை அவள் முருங்கையடியில் புதைத்தது யாருக்கும் தெரியாது. எதிர்வீட்டுக் கோமு பார்த்திருந்தால் இதற்குள் குளத்து மீனுக்கும் தெரிந்திருக்கும். வளையத்தை மட்டும் மண்ணுக்குள் விட அவளுக்கு மனம் வரவில்லை.

"சரிக்கா" என்று அவன் திரும்பினான். அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அந்த நேரம் பார்த்துச் சேவல் கூரையேறிக் கூவியது. அதன் காலில் வெயில் பட்டு ஏதோ மஞ்சளாக மின்னியது. அவன் நின்றான். கழுத்தில் தொங்கிய தொலைநோக்கியை மெல்லக் கண்ணுக்கு உயர்த்தினான்.