பிளேடுக்கு ஒரு பொட்டு

அவன் கை முழங்கை வரை உள்ளே இருந்தது.

ஒருக்களித்துப் படுத்திருந்தான். கன்னத்தில் ஈரப்புல். பக்கத்தில் புல்வெட்டும் வண்டி, மாலையும் சந்தனமுமாய்க் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது.

ஆயுத பூஜை.

மைதானத்தில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாகிவிட்டது. ரோலருக்கு, மண்வெட்டிக்கு, ஸ்கோர் போர்டுக்குக்கூட. வண்டிக்கு முகப்பில் மூன்று, சக்கரத்துக்கு ஒவ்வொன்று.

ஆனால் ஆயுதம் எது? உட்காருகிற சீட்டா? வெட்டுவது அடியில் இருக்கிற பிளேடு. அதை விட்டுவிட்டு முகப்புக்கு வைப்பது, முதலாளி உள்ளே இருக்க வாட்ச்மேனுக்கு மாலை போடுகிற கதை.

அதனால்தான் கையை விட்டான்.

பிளேடின் ஒரு முனைக்கு வைத்தாயிற்று. குங்குமம் குழைத்த விரலோடு மறுமுனையைத் தடவித் தேடினான்.

வண்டி ஆடியது.

யாரோ ஏறி உட்கார்ந்தார்கள்.

"எமகண்டம் பொறக்க ரெண்டு நிமிஷந்தான் இருக்கு." கிளப் செக்ரட்டரியின் குரல்.

முன்சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழங்கள் காத்திருந்தன. நசுக்கி நாலடி ஓட்டினால் பூஜை முடிந்தது. வருஷா வருஷம் நசுக்குகிறவர் அவர். வண்டியில் கட்டிய வாழைக்கன்று அவருக்கு அவனை மறைத்தது.

கையை இழுத்தான்.

மணிக்கட்டில் கட்டியிருந்த காப்புக்கயிறு உள்ளே ஒரு போல்ட்டில் மாட்டிக்கொண்டது.

கத்த வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது.

பிளேடைச் சுழல விடுகிற லிவர் மேலே இருந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. அதற்கென்றே ஒரு சுவிட்ச் உண்டு. ஆனி மாசம் அது கெட்டது. புதுசு வரும்வரைக்கும் என்று இரண்டு வயரை முறுக்கி ஒட்டியவன் அவனேதான். புதுசு வந்து அலமாரியில் மூன்று வாரமாகத் தூங்குகிறது.

லிவர் மேலேதான் நிற்கிறது. நேற்று வெட்டி நிறுத்தியபடியே.

சாவியை அவன் எடுக்கவில்லை. அது மட்டும் நன்றாக ஞாபகம் வந்தது.

ஜெபமேரி அக்கா கண்முன் வந்தாள். மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுகிறவள். அவன் எப்போது வண்டிக்கு அடியில் குனிந்தாலும் ஓடிவந்து சாவியை உருவிக்கொள்வாள். அவனும் பேரம் பேசிப் பார்க்காத நாளில்லை.

"அரை நிமிச சோலிக்கு எதுக்குக்கா சாவி?"

"அரை நிமிசம்னாலும் முழு கைதானல போவும்."

சக்கரத்துக்குக் கல் வைக்கிறேன் என்பான். நீ பார்த்துக்கொண்டு நில்லேன் என்பான். எந்தக் கடையிலும் பாதி விலைக்கு இறக்கிவிடுகிறவன் அவன். அவளிடம் மட்டும் ஒரே விலை.

இன்று அவள் அந்தப் பக்கம் பொரி பங்கிட்டுக்கொண்டிருந்தாள். இது பூஜை, வேலையில்லையே என்று அவனும் கூப்பிடவில்லை.

மேலே செக்ரட்டரியின் செருப்பு பிரேக்கை மிதித்தது.

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

உலோகத்தை ஒரு கை தடவுகிற சத்தம்.

மறுபடியும் தடவுகிற சத்தம்.

"சாவி எங்கய்யா போச்சு?"

தூரத்திலிருந்து, பொரி அளக்கிற படியைக் கீழே வைக்காமலே, அவள் பதில் சொன்னாள்.

"எங்கிட்ட இருக்கு சார். அவன் கை உள்ள இருக்கு."

செக்ரட்டரி அசையவில்லை.

அவன் படுத்ததுமே வந்து உருவியிருக்கிறாள்; அவன்தான் கவனிக்கவில்லை. கயிற்றை அறுத்துக்கொண்டு கை வெளியே வந்தது.

விரலெல்லாம் சிவப்பு.

வாழையிலையை விலக்கி எட்டிப் பார்த்த செக்ரட்டரி, ஸ்டியரிங்கிலேயே தலையைச் சாய்த்துவிட்டார். "குங்குமம் சார்" என்றான் அவன்.

எமகண்டம் பிறந்தது. எலுமிச்சம்பழத்தின் நினைப்பே யாருக்கும் இல்லை.

அவன் எழுந்து லிவரைத் தாழ்த்தினான். இடுக்கியை எடுத்தான். முறுக்கியிருந்த வயரை நறுக்கென்று வெட்டினான். ஷெட்டுக்குப் போய் அலமாரியைத் திறந்தான். சுவிட்ச் இன்னும் பிரிக்காத அட்டைப் பெட்டியில் இருந்தது.

மாட்டி முடிக்கும்வரை அவள் பக்கத்தில் நின்றாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

முடிந்ததும் கழுத்துக் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்து நீட்டினாள். அந்தக் கயிற்றில் சாவிக்குத் துணையாக ஒரு சின்னச் சிலுவை.

அவன் வாங்கவில்லை.

பூஜைத் தட்டில் கொஞ்சம் குங்குமம் மிச்சமிருந்தது. மோதிர விரலால் தொட்டு எடுத்தான்.

பொட்டு வைக்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. அது அவனுக்குத் தெரியும்.

அவள் உள்ளங்கையில் கிடந்த சாவிக்கு வைத்தான்.

அவள் பார்த்தாள். துடைக்கவில்லை. அப்படியே கையை மூடிக்கொண்டாள்.

"போயி கையக் கழுவிட்டு வா. பொரி தாரேன்."

குழாயைத் திறந்தான்.

கட்டைவிரலில் ஆரம்பித்தான். ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், இரண்டு கையையும் கழுவினான்.