துரையின் மனவருத்தம்

இதை எனக்கு முதலில் சொன்னது நோட்டன் பிரிட்ஜ் நாகலெட்சுமி. அறுபத்திரண்டாம் வருசம், தைப்பூசத்துக்கு மறுநாள், தலவாக்கலையில் பஸ்ஸுக்கு நின்றபோது. அவள் தோளில் இரண்டு மாதப் பிள்ளை.

தலைப்பிரசவத்துக்கு அவள் பொகவந்தலாவைப் பக்கம் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். தாய் வீடு என்றால் தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை அறைகளில் ஒற்றைக் காம்பரா. கூரைத் தகரத்தில் மூன்று இடம் ஓட்டை. ஐப்பசி மழையில் பாய் விரிக்க ஒரு மூலைகூட மிஞ்சவில்லை. அவளுக்கோ ஒன்பதாம் மாதம். பிள்ளையைக் கிடத்தக் காய்ந்த இடம் வேண்டுமே.

அம்மா காளியாயி துரைக்கு மனுப் போட்டாள்.

மனு என்றால் ஆபீஸ் ஜன்னலில் நல்லமுத்துக் கிளாக்கரிடம் போய்ச் சொல்வது. வெள்ளைக்காரத் துரை தோட்டத்துக்குப் புதுசு, தமிழ் தெரியாது. கிளாக்கர் இங்கிலீசில் எழுதி உள்ளே கொடுப்பார். துரையின் பதில் துண்டுச் சீட்டில் வரும். சனிக்கிழமை கிளாக்கரே அதைப் படித்துச் சொல்வார்.

முதல் சனிக்கிழமை அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ஐ ரிக்ரெட்" என்று படித்தார்.

"அப்டின்னா மனசு வருந்துறேன்னு அர்த்தம், காளியாயி. ஸ்டோர்ல தகரம் இல்லையாம். புள்ளத்தாச்சி மகள வச்சிக்கிட்டு நீ படுற பாட்ட நெனச்சா துரைக்குச் சங்கடமா இருக்காம்."

பஸ் டிக்கட் அளவு சீட்டில் இவ்வளவுமா என்று நாகலெட்சுமிக்கு ஒரு யோசனை வந்தது. இங்கிலீசு சுருக்கமான பாஷை போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

இரண்டாம் சனிக்கிழமையும் ரிக்ரெட். மூன்றாம் சனிக்கிழமை, துரைக்கு இப்போதெல்லாம் இதே நினைப்பாம் என்றார் கிளாக்கர்.

லயத்தில் கிளாக்கருக்கு நல்ல பேர் இல்லை. "இல்லைங்கிறதுக்குச் சீனி தடவிக் குடுக்கத்தான் அந்தாளுக்குச் சம்பளம்" என்பான் அடுத்த காம்பரா பழனியாண்டி.

காளியாயிக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு மனுசன் தன்னால் மூன்று வாரமாக மனம் நொந்து கிடக்கிறானே என்றுதான் வேதனை. மாரியம்மன் கோவிலில் துரைக்கு அர்ச்சனை வைத்தாள். பூசாரி நட்சத்திரம் கேட்டார்.

"வெள்ளக்காரவுங்களுக்கு எது உண்டோ அதச் சொல்லிக்கங்க சாமி."

அந்தச் சொல்லும் அவள் வாயில் ஒட்டிக்கொண்டது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் யார் காலையாவது மிதித்தால் "ஐ ரிக்ரெட்". சோறு குழைந்தால் மகளிடம் "ஐ ரிக்ரெட்டு, புள்ள". பழனியாண்டி எதிரே வந்தால், "என்னாக்கா, இன்னிக்கு எத்தன ரிக்ரெட்டு?" என்பான்.

நாலாம் வாரம் காளியாயி ஜன்னலுக்குப் போகவில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்துக்கே போய்விட்டாள். துணைக்கு நாகலெட்சுமியும் போனாள். துரை வந்து நின்றதும், விபூதிப் பொட்டலத்தை இரண்டு கையாலும் நீட்டினாள் காளியாயி.

"நோ ரிக்ரெட், தொரை. தகரம் கெடக்குதுங்க. நீங்க மனச வருத்திக்கிட்டா ஒடம்பு என்னாத்துக்கு ஆகும்?"

துரை திரும்பிக் கிளாக்கரிடம் ஏதோ கேட்டார். கிளாக்கர் முகத்தில் ரத்தமே இல்லை. அவர் மெதுவாக இங்கிலீசில் என்னமோ சொன்னார். துரை பொட்டலத்தை வாங்கி, அதைக் கிளாக்கர் கையிலேயே வைத்துவிட்டு, நாயைக் கூப்பிட்டுக்கொண்டு நடந்தார்.

கிளாக்கர் தொண்டையைச் செருமினார். "ரெண்டு நாள்ல தகரம் வருமாம். இனிமே நேர்ல போயி நிக்காத, காளியாயி. துரைக்கு எளகுன மனசு. தாங்க மாட்டாரு."

சொன்னபடி இரண்டாம் நாள் மூன்று தகரம் வந்தது. பழசு, ஒரு பக்கம் கரி அப்பியிருந்தது. ஆனால் ஓட்டை இல்லை. பழனியாண்டிதான் கூரையில் ஏறி அடித்துக் கொடுத்தான். நேரில் கேட்டதும் கிடைத்துவிட்டது, இத்தனை நாளும் அந்தக் கிளாக்கர்தான் நடுவில் நின்று மறித்திருக்கிறான் என்று மேலே இருந்தபடியே சொன்னான். நாகலெட்சுமியும் அப்படித்தான் நினைத்தாள். காளியாயி துரை பங்களா இருக்கும் மேட்டைப் பார்த்துக் கும்பிட்டாள்.

பிள்ளை காய்ந்த இடத்தில் பிறந்தது.

பிள்ளைக்கு முப்பது நாள் கழிந்து கோவிலுக்குப் போய்த் திரும்பும்போது நல்ல மழை. நாகலெட்சுமி பிள்ளையோடு கிளாக்கர் வீட்டுப் பின்பக்கம் ஒதுங்கினாள். குசினியில் கிளாக்கர் சம்சாரம் ஒரு கையில் குடை, ஒரு கையில் அகப்பையுமாக நின்று குழம்பு கிண்டிக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே வானம்.

"கூர எங்கங்கம்மா?" என்று கேட்டுவிட்டாள்.

அந்தம்மா பிள்ளையைப் பார்த்தார். குடையை அதன் பக்கம் சாய்த்தார். துரை எந்த மனுவுக்கும் 'நோ' என்று ஒரே சொல்தான் எழுதுவார், அதை அப்படியே படிக்க இவருக்கு வாய் வராது என்றார். இவர் இட்டுக்கட்டிப் படித்தது அன்றைக்குப் பெரட்டுக் களத்தில் அகப்பட்டிருந்தால் வேலையும் வீடும் போயிருக்குமாம்.

"கூர எங்கன்னு நானுந்தான் கேட்டேன்," என்றார், குழம்பைக் கிண்டிக்கொண்டே. "ஐ ரிக்ரெட்னாரு."

காளியாயி இன்னமும் வெள்ளிக்கிழமை தவறாமல் துரைக்காக விளக்கு வைக்கிறாளாம். நீங்கள் அந்தப் பக்கம் போனால், அவளிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதீர்கள்.