முதல் பாவசங்கீர்த்தனம்

"சுவாமி, பாவியாகிய என்னை ஆசீர்வதியும்," என்று முழங்காலில் நின்றபடி சொன்னான் அபிஷன்.

மறைப்புக்கு அந்தப் பக்கம் ஊதாச் சால்வை ஒன்று அசைந்தது. "சொல்லு மகன். என்ன பாவம் செய்தனீ?"

"தங்கச்சியின்ர கலர் கிறேயோனை முறிச்சனான்."

"வேறை?"

"வேறை ஒண்டும் இல்லை சுவாமி."

"வடிவா யோசி. ஏழு வயசு வரைக்கும் ஒரு கிறேயோன்தானோ?" சுவாமியின் குரலில் ஏமாற்றம் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து ஈரக் காலுறை ஒன்று மறைப்பிலிருந்து வழுக்கி அவர் தலையில் விழுந்தது.

மறைப்பு என்பது ஹீட்டருக்குப் பக்கத்தில் நின்ற, உடுப்புக் காயப்போடும் ஸ்டான்ட். சுவாமி என்பது அபிஷனின் அம்மா கிளறிற்றா.

புலம்பெயர்ந்து வந்த செவன் கிங்ஸ் ஊரில் அந்த வீடுதான் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும். கணக்கு, ஆங்கிலம், தமிழ், மறைக்கல்வி எல்லாவற்றுக்கும் கிளறிற்றாதான் ஆசிரியை. மூக்குத் துடைத்துவிடுவதும் அவள்தான். ஹோம் ஸ்கூலிங் தொடங்கிய கோடையில் தோட்டத்தில் பாய் விரித்துப் பிள்ளைகளை இருத்தி, படம் எடுத்துச் சொந்தபந்தம் எல்லாருக்கும் அனுப்பியிருந்தாள். குளிர் தொடங்கியபின் படம் எடுக்கிற மாதிரி அந்த வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை.

இப்போது அவளுடைய மானம் அபிஷனின் கையில் இருந்தது. ஞாயிறு மறைக்கல்வி வகுப்புக்கு அவனை அனுப்பாமல், முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல் நன்மைக்கு வீட்டிலேயே ஆயத்தப்படுத்துகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டாள். வகுப்பு நடத்தும் கத்தரின் அக்கா சிரித்துக்கொண்டே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். சனிக்கிழமை முதல் பாவசங்கீர்த்தனத்தில் பிள்ளை திணறினால், முதல் நன்மை அடுத்த வருசம்தான்.

நினைத்த மாத்திரத்தில் அவரே போனில் அழைத்தார். "பிள்ளையள் என்ன செய்யினம், கிளறிற்றா?"

"இப்பதான் அக்கா கணக்குப் பாடம் முடிஞ்சுது. அடுத்தது தமிழ்," என்றாள் கிளறிற்றா.

சின்னவள் பெனிற்றா மத்தியானமாகியும் பிஜாமாவோடு சோபாவில் குதித்துக்கொண்டிருந்தாள். நாளுக்கொரு சொக்லேட் ஒளித்துவைத்த அட்வென்ட் கலண்டரில் நத்தார்ப் பண்டிகை வரைக்கும் மிச்சமிருந்த சொக்லேட் முழுவதையும் எலி தின்றுவிட்டதாக அம்மா காலையில் சொன்னதிலிருந்து அவளுக்கு ஒரே ஆவேசம். எலி அந்தச் சொக்லேட்டைக் குளியலறையைப் பூட்டிக்கொண்டு தின்றிருந்தது.

போனை வைத்துவிட்டுச் சால்வையைச் சரிசெய்தாள் கிளறிற்றா. ஸ்டான்டுக்கு இடையால் அபிஷன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாவம் போதாது அம்மா. சனிக்கிழமை நான் என்னத்தைச் சொல்லுறது?"

"இந்த வீட்டிலை நடந்ததை எல்லாம் ஒண்டொண்டா நினைச்சுப் பார். ஒண்டையும் ஒளிக்கக் கூடாது. விளங்குதோ?"

"ஓம் அம்மா," என்றான். நல்ல மாணவன். சொன்னதைச் சொன்னபடி செய்வான்.

சனிக்கிழமை கோவிலுக்குள் குளிர் எலும்பைத் தொட்டது. பிள்ளைகள் கோட்டும் தொப்பியுமாக வரிசையில் நின்றார்கள். அவர்கள் முடிய, பெற்றோரின் முறை. வகுப்புப் பிள்ளைகள் போன வேகத்தில் திரும்பி வந்து, சுவாமி அபராதமாகக் கொடுத்த ஒரேயொரு அருள்நிறை மந்திரத்தைச் சொல்லிவிட்டுப் பக்கத்து மண்டபத்துக்குச் சூடான மைலோ குடிக்க ஓடினார்கள்.

அபிஷன் உள்ளே போனான். வரவில்லை. இன்னும் வரவில்லை.

"திணறுறான் போலை," என்றார் கத்தரின் அக்கா.

"இல்லை அக்கா. விரிவாச் சொல்லுறான். வீட்டிலை வடிவாப் பழக்கினது," என்றாள் கிளறிற்றா. தாழ்மையாகச் சொல்லத்தான் பார்த்தாள். வந்ததென்னவோ பெருமை.

ஒருவழியாக வெளியே வந்த அபிஷன் நேராகப் போய் முழங்காலிட்டான். ஒரு மந்திரம் முடிந்தது. எழும்பவில்லை. இன்னொன்று. பிறகும் இன்னொன்று. விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டே போனான்.

கத்தரின் அக்காவின் புருவம் உயர்ந்தது. "எல்லாப் பிள்ளையளுக்கும் ஒரு மந்திரம்தானே சுவாமி குடுத்தவர்?"

கிளறிற்றா மகனையே பார்த்தாள். விடிந்தால் பொழுதுபட்டால் கண் முன்னாலேயே கிடக்கிற பிள்ளை. இவ்வளவு அபராதம் வாங்கும்படி அப்படி என்னதான் செய்தான்? தான் கவனிக்காமல் விட்டது எதை? முதல் நன்மையும் வேண்டாம், மானமும் வேண்டாம், பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

மெல்லப் போய் அவன் பக்கத்தில் முழங்காலிட்டாள். "என்னப்பு செய்தனீ? அம்மாவுக்குச் சொல்லத் தேவையில்லை." ஒரு மூச்சு விட்டாள். "எண்டாலும் சொல்லு."

"எனக்கு ஒரு மந்திரம்தான் தந்தவர். அதை அப்பவே முடிச்சிட்டன்," என்றான் அபிஷன், மடக்கிய விரலை விடாமல்.

"அப்ப மிச்சம் ஏன்?"

அவன் பதில் சொல்வதற்குள் கத்தரின் அக்கா பின்னாலிருந்து தோளைத் தட்டினார். "கிளறிற்றா, உங்கடை முறை. சுவாமி பாத்துக்கொண்டிருக்கிறார்."

கிளறிற்றா குழப்பத்தோடு எழும்பினாள். அபிஷன் அவளுடைய கோட்டைப் பிடித்து இழுத்தான். கோவில் முழுக்கக் கேட்கும் குரலில், அன்பாகச் சொன்னான்:

"நீங்கள் போகத் தேவையில்லை அம்மா. உங்கடை பாவம் எல்லாத்தையும் நான் சொல்லிப்போட்டன்."