ஒரு நாள் முன்னதாக

லடாக்கில் ஏறிய சைக்கிளிலிருந்து அறுபத்து மூன்றாம் நாள் காலையில், கன்னியாகுமரிக் கடற்கரையில் இறங்கினாள் ஜெபக்கனி. வரவேற்க ஒருவரும் இல்லை. மதுரையிலிருந்து அக்காவும் அலுவலகத் தோழிகளும் பூமாலையோடு நாளைக்குத்தான் வருவதாக ஏற்பாடு. இவளுக்குத்தான் கடைசி நூற்றைம்பது கிலோமீட்டரில் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. நாற்பத்தாறு வயதில் தனியாக இவ்வளவு தூரம் மிதித்து முடித்த சந்தோஷம் நெஞ்சை முட்டியது. யாரிடமாவது சொல்லியாக வேண்டும். சிப்பி மாலை விற்றுக்கொண்டிருந்த சிலுவையம்மாளிடம் போய், “லடாக்லேருந்து சைக்கிள்லயே வந்துட்டேன்க்கா,” என்றாள். “அது எங்க கெடக்கு?” “இமயமலையில.” அந்த அம்மாள் சைக்கிளை முன்னும் பின்னும் பார்த்தாள். “தனியாவா? வீட்டுல வேண்டாம்னு சொல்லலியா மக்களே?” “எல்லாரும் சொன்னாங்க.” சிலுவையம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். மாலைத் தட்டைப் பக்கத்துக் கடையில் கொண்டுபோய் வைத்தாள். சேலையைத் தூக்கி இடுப்பில் செருகினாள். “ஐம்பத்தெட்டு வயசாச்சு. ஒருக்கா நான் ஏறிப் பாக்கட்டா?” ஜெபக்கனி சீட்டைக் கீழே இறக்கினாள். அவளை ஏற்றி உட்காரவைத்து, பின்னால் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினாள். கடலோரச் சாலையில் வண்டி இங்கும் அங்கும் வளைந்து, மெல்ல நேரானது. “பிடிச்சிருக்கியா மக்களே?” என்று திரும்பிப் பார்க்காமல் கத்தினாள் சிலுவையம்மாள். “பிடிச்சிருக்கேன்க்கா, நீங்க மிதிங்க,” என்றாள் ஜெபக்கனி, இருபதடி பின்னால், இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கியபடி.